பீச்சாங்கால்

எங்கள் டீம் தோற்றால் அன்று ராத்திரி எங்கள் வீட்டில் உப்புமா. இது நான் போட்ட சட்டம். ஜெயித்தால் என்ன செய்வாய் என்று என் வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார். "மொதல்ல ஜெயிச்சிட்டு வாங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். அந்த வருஷம் ரவை வாங்கி மாளவில்லை. மளிகைக் கடைக்காரர் பொட்டலம் மடிக்கும்போதே, "இன்னாம்மா, இன்னிக்கும் ஊத்திக்கிச்சா?" என்று விசாரிக்கிற அளவுக்கு என் மானம் போயிருந்தது.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். சாயங்காலமானால் திருவண்ணாமலை ஊர் கால்பந்து டீமுக்குக் கோச். கோச் வேலைக்குச் சம்பளம் கிடையாது. வசவு உண்டு, அது மட்டும் தவறாமல் கிடைக்கும். எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகி, கீழ்பென்னாத்தூரிலிருந்து நான் வந்தபோது, மைதானத்தின் கிழக்கு கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த ஒரு வீட்டின் மாடியில் குடித்தனம் வைத்தோம். மொட்டை மாடிச் சுவரில் சாய்ந்து நின்றால் முழு மைதானமும் தெரியும். பெண்கள் பந்தாட்டம் பார்க்க மைதானத்துக்குப் போகிற வழக்கம் அப்போது கிடையாது. தேருக்குப் போகலாம், சினிமாவுக்குப் போகலாம், மைதானத்துக்குப் போனால் மட்டும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அதனால் எனக்கு அந்த மொட்டை மாடிதான் எல்லாம். முதலில் வடகம் காயவைக்கிற சாக்கில் ஏறினேன். கொஞ்ச நாளில் சாக்கே தேவைப்படவில்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். பந்தாட்டம் புரிய ஆரம்பித்ததும் அந்தக் கோபத்துக்கு ஒரு நல்ல வேலை கிடைத்தது. "டேய், மசமசன்னு நிக்காதடா, ஓடுடா!" என்று மாடியிலிருந்து நான் கத்தினால் மேற்கு கோல் வரைக்கும் கேட்கும். எதிர் டீம்காரன் ஒருவன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, "சரிக்கா" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

டீமுக்குத் தலைவர் ஓர் அரிசி மில் முதலாளி. பந்து அவருடையது, பனியன் அவருடையது, நாங்கள் குடியிருந்த வீடும் அவருடையது. நல்ல மனுஷர்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். தீபத்துக்கு வருகிற ஜனங்களுக்கு மூட்டை மூட்டையாக அரிசி போட்டு அன்னதானம் செய்வார். ஆனால் பந்தாட்டத்தில் அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, வலது. வலது காலை வைத்துத்தான் வீட்டுக்குள் நுழைகிறோம், மலையை வலது பக்கம் வைத்துத்தான் சுற்றி வருகிறோம், பந்தை மட்டும் இடது காலால் உதைத்தால் விளங்குமா என்பது அவர் கட்சி. ஆட்டத்துக்கு முன் பந்துக்குக் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, பதினொரு பேரும் வலது காலை எடுத்துவைத்து இறங்க வேண்டும். பயிற்சி என்பது மலை சுற்றி ஓடுவது. விடியற்காலையில் அடி அண்ணாமலை வழியாக ஒரு சுற்று ஓடிவிட்டு வருவார்கள். எங்கள் ஆட்கள் நாள் முழுக்க ஓடுவார்கள், பந்து இருக்கிற பக்கம்தான் ஓடமாட்டார்கள்.

இந்த லட்சணத்தில் இடது ஓரத்தில் ஆடத் தலைவர் தன் மனைவியின் தம்பியைப் போட்டிருந்தார். மச்சான் பார்க்க லட்சணமாக இருப்பான், வாரிய தலை கலையாது. பந்து அவனுடைய இடது காலுக்கு வந்தால் அதை மாப்பிள்ளை அழைப்பு மாதிரி நிதானமாகச் சுற்றிக்கொண்டு வலது காலுக்கு அழைத்து வருவான். அதற்குள் எதிராளி அதைப் பிடுங்கிக்கொண்டு போய் எங்கள் கோலில் போட்டுவிட்டு வந்திருப்பான்.

டீமில் நிஜமாகவே இடது காலால் ஆடுகிறவன் ஒருவன் இருந்தான். நிலக்கடலை மண்டியில் மூட்டை தூக்குகிறவன். ஊரே அவனைப் பீச்சாங்கால் என்றுதான் கூப்பிடும், அவனும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான். நான் வடகம் போட்ட கடைசி நாளில்தான் அவன் காலின் அருமை எனக்குத் தெரிந்தது. பயிற்சியில் அவன் உதைத்த பந்து பறந்து வந்து, பிழிந்துவைத்த ஈர வடகத்தின் நடுவில் தொப்பென்று விழுந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பந்தை எடுக்க வந்தவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"எங்கருந்துடா ஒதைச்ச?"

அவன் மேற்கு கோல் கம்பத்தைக் காட்டினான். எனக்கு வடகம் மறந்துபோயிற்று.

"இப்படி ஒரு கால வெச்சிக்கினு எதுக்குடா மேட்ச் மேட்ச்சுக்கும் தண்ணிப் பான பக்கத்துல ஒக்காந்துகினு கீற?"

"தலைவரு ஒத்துக்கலக்கா. பீச்சாங்கால் ஆவாதாம்."

அன்றிலிருந்து நானும் பீச்சாங்காலை இறக்கச் சொல்லும் ரசிகர் கட்சியில் சேர்ந்தேன். கட்சிக்குத் தலைமை கீழ்பென்னாத்தூர் ரூட்டில் போகிற தனியார் பஸ் கண்டக்டர். மேட்ச் என்றால் கெஞ்சிக் கூத்தாடி ஷிப்ட் மாற்றிக்கொண்டு விசிலோடு வந்துவிடுவார். அவர் ஒரு விசில் ஊதினால் ஐம்பது பேர் சேர்ந்து, "எறக்கு எறக்கு, பீச்சாங்கால எறக்கு!" என்று கத்துவார்கள். நான் மாடியிலிருந்து கத்துவேன். குடைக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் தலைவர் காதில் எதுவும் விழாது. என் வீட்டுக்காரர் காதில் விழும். அவர் தலைவரைப் பார்ப்பார், தலைவர் தலையாட்டமாட்டார், இவர் தரையைப் பார்ப்பார்.

தோற்றதும் அந்தக் கும்பல் நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு வரும். "மாஸ்டரே, வெளிய வாங்க! இதுவா கோச்சிங்கு? மலைய சுத்தவுட்டா கோல் வருமா?"

"நான் இல்லன்னு சொல்லிடு" என்பார் அவர், கட்டிலில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு.

நான் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "கீறாரு, கீறாரு! மேல வாங்கப்பா எல்லாரும்!" என்பேன். அவர்கள் மேலே வந்து, அவரைச் சுற்றி உட்கார்ந்து, வாய் வலிக்கத் திட்டிவிட்டு, உப்புமாவையும் காலி செய்துவிட்டுப் போவார்கள். தண்டனை அவருக்கு என்று செய்தது, அவருக்கு அடிப்பிடித்ததுதான் மிஞ்சும்.

போளூர் டீமோடு மேட்ச் நடந்த அன்று கண்டக்டர் ஒரு போராட்டம் வைத்தார். ரசிகர்கள் எல்லோரும் இடது காலுக்கு மட்டும் செருப்பு போட்டுக்கொண்டு வர வேண்டும். வந்தார்கள் ஐயா! வெயிலில் மண் கொதிக்க, வலது காலைத் தூக்கித் தூக்கிக் குதித்துக்கொண்டு ஒரு கூட்டமே மைதானத்தைச் சுற்றி வந்தது. மாடியில் நான் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. தலைவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, எல்லாருக்கும் ஒரே நேரத்துலயா கோயில்ல செருப்பு காணாம போச்சு?" என்று நிஜமான கவலையோடு கேட்டாராம். அன்றைக்கும் தோற்றோம்.

அன்று ராத்திரி கும்பல் போனபிறகு நான் சாமியாடிவிட்டேன்.

"வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சினு கீறீங்க? ஊரு பூரா காறித் துப்புது. முடியாதுன்னு ஒரு வார்த்த அவருகிட்ட சொல்ல வராதா?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சொல்லிடலாம். சொன்னா வீட்ட காலி பண்ணச் சொல்லுவாரு."

"ஊர்ல வேற வூடே இல்லியா?"

"வூடு கெடைக்கும். இந்த மாதிரி மாடி கெடைக்குமா? அப்புறம் நீ எங்கருந்து மேட்ச் பாப்ப?"

இந்த மனுஷன் ஊர் வசவையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டது எனக்காகவா? ஒவ்வொரு மேட்ச்சிலும் அவர் ஓயாமல் மாடியை நிமிர்ந்து பார்ப்பது, நான் திட்டுகிறேனா என்று பயந்துதான் என்று நினைத்திருந்தேன். கண் கலங்கிவிட்டது. பச்சைமிளகாய் நறுக்கிய கை என்று சமாளித்தேன். சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை, ஆனால் கோபமும் போகவில்லை.

பொங்கலுக்கு எங்கள் ஊரிலேயே கோப்பை ஆட்டம், வேலூர் டீமோடு. முதல் பாதியிலேயே மூன்று கோல் வாங்கிவிட்டோம். மச்சான் ஒருமுறை பந்தின் மேலேயே ஏறி விழுந்தான், அப்போதும் வாரிய தலை கலையவில்லை. கூட்டம் தொண்டை கிழிய, "எறக்கு எறக்கு!" என்று கத்தியது. தலைவர் குடைக்கு அடியில் விபூதி மணக்க உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் மாடியை நிமிர்ந்து பார்த்தார். எப்போதும் போல் தரையைப் பார்த்தார்.

இடைவேளை விசில் ஊதியதும் நான் மாடிக் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கீழே இறங்கினேன். செருப்புகூட மாட்டவில்லை. மைதானத்துக்குள் கால் வைத்ததும் ஆம்பளைகள் எல்லோரும் பேயைப் பார்த்த மாதிரி பார்த்தார்கள். கண்டக்டர்தான் முதலில் சுதாரித்தார். "அக்கா வந்துட்டாங்கடா! வழி உடுங்கடா!" என்று விசிலை ஊதினார். நான் நேராகப் போய்த் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், பீச்சாங்கால் உட்கார்ந்திருந்த இடத்தில் நின்றேன்.

என் வீட்டுக்காரர் வழக்கம்போல மாடியைப் பார்த்தார். காலி. முகம் வெளிறிவிட்டது. அங்கும் இங்கும் திரும்பிப் பார்த்தார்.

"ஏங்க! இங்க கீறேன்!" என்று கையை ஆட்டினேன். "இனிமே இங்கருந்துதான் பாப்பேன்! மாடி வேணாம் எனக்கு!"

ஊர் முழுக்கக் கேட்டது, அவர் ஒருவருக்குத்தான் புரிந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார் பாருங்கள், கல்யாணப் போட்டோவில்கூட அப்படிச் சிரிக்கவில்லை. விடுவிடுவென்று குடையைப் பார்த்து நடந்தார்.

"தலைவரே, மச்சான வெளிய எடுக்கறேன். பீச்சாங்கால எறக்கறேன்."

"அதெல்லாம் ஆவாது மாஸ்டர். போய் நில்லுங்க."

"முடியாதுங்க."

சொல்லிவிட்டு மச்சானைக் கையசைத்து வெளியே கூப்பிட்டார்.

பீச்சாங்கால் எழுந்தான். மலை சுற்றிச் சுற்றி ஊறிப்போன பழக்கம், அவன்கூட வலது காலை எடுத்துவைத்துத்தான் இறங்கினான். அதற்கப்புறம் அந்தக் காலுக்கு வேலையே இல்லை. இடது ஓரத்திலிருந்து ஒன்று உதைத்தான், வேலூர் கோல்கீப்பர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்போதே பந்து வலைக்குள். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. யார் தோளில் யார் ஏறினார்கள் என்று தெரியவில்லை, கண்டக்டர் விசிலை விழுங்கிவிடுவார் போல் இருந்தது. நான் என்னென்ன கத்தினேன் என்று எழுதினால் மரியாதையாக இருக்காது.

கடைசியில் எங்கள் வீட்டுப் பக்கத்து கோலைப் பார்த்து மூன்றாவதாக ஒன்று உதைத்தான். என்ன உதை! மேல் கம்பத்தில் பட்டு, எகிறி, பறந்து, போய் எங்கள் மொட்டை மாடியில் விழுந்தது. இருந்ததே தலைவருடைய அந்த ஒரு பந்து. மாடி பூட்டியிருந்தது. சாவி என் இடுப்பில். ஆயிரம் கண்ணும் என் பக்கம் திரும்ப, நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். படியேறிக் கதவைத் திறந்து பந்தை எடுத்துச் சுவரோரம் வரவும், ரெப்ரி முடிவு விசில் ஊதவும் சரியாக இருந்தது. தோற்றுவிட்டோம்.

நான் மாடியிலிருந்து பார்க்கிறேன், கீழே என் வீட்டுக்காரரையும் பீச்சாங்காலையும் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டம் ஆடுகிறது. மேளக்காரனைக்கூட எங்கிருந்தோ பிடித்து வந்துவிட்டார்கள். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வேலூர்க்காரர்கள், "இன்னாப்பா, யாரு ஜெயிச்சது?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்.

ராத்திரி அவர் தயங்கித் தயங்கி அடுக்களைக்கு வந்தார். "தோத்துட்டோமே. உப்புமாதானே?"

"மூக்கு அடைச்சிருக்கா? நெய் வாசன தெரியல?" என்றேன். பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் தலைவர் ஆளனுப்பினார். திட்டவில்லை, மரியாதையாகத்தான் சொல்லியனுப்பினார். "தை பொறந்திருக்கு மாஸ்டர், வேற நல்ல வீடா பாத்துக்குங்க." பந்தும் பனியனும் அவரிடமே போயின. கண்டக்டர் கோஷ்டி பஸ்ஸுக்குள்ளேயே உண்டியல் குலுக்கிப் புதுப் பந்து வாங்கியது.

செங்கம் ரோடு பக்கம் ஓர் ஓட்டு வீடு கிடைத்தது. மாடி என்ற பேச்சே இல்லை. குடிபோன அன்று எங்களை ஒரு சாமான்கூடத் தூக்க விடவில்லை ரசிகர்கள். கட்டிலை நான்கு பேர் சாமி புறப்பாடு மாதிரி தோளில் வைத்துக்கொண்டார்கள். பீச்சாங்கால் ஆட்டுக்கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு பூக்கூடை சுமக்கிறவன் போல நடந்தான். பின்னால் மேளம் வர, கண்டக்டர் முன்னால் விசில் ஊதிக்கொண்டு, முக்குக்கு முக்கு, "போலாம், லெப்ட்டு!" என்றார். போகிற வழியில் அரிசி மில் வந்தபோது மட்டும் எல்லோரும் கொஞ்சம் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அரிசி கொடுத்த கையாயிற்றே.

புது வீட்டு வாசலில் கோலம் போட்டு, வீட்டுச் சொந்தக்கார அம்மா ஆரத்தியோடு நின்றிருந்தார். "வலது கால எடுத்து வெச்சு வாம்மா" என்றார்.

பின்னால் மேளம் நின்றது. ஆட்டுக்கல்லோடு அவன் நின்றான். என் வீட்டுக்காரர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார், வாயை மூடிச் சிரிப்பை அடக்கிக்கொண்டு. நான் புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, எல்லோருக்கும் நன்றாகத் தெரிகிற மாதிரி, பீச்சாங்காலை எடுத்து வைத்து உள்ளே போனேன்.