இசைவாணியின் ஆக்சிஜன் மெஷின்கள்

கொரோனா இரண்டாம் அலையில் ஊரே மூச்சுக்குத் தவித்தபோது, திருப்பாதிரிப்புலியூரில் மருத்துவக் கருவிக் கடை வைத்திருந்த இசைவாணி ஆக்சிஜன் மெஷின்களுக்கு மொத்தமாக ஆர்டர் கொடுத்தாள். அவை வந்து இறங்குவதற்குள் அலை ஓய்ந்துவிட்டது. பெட்டிகள் கடையை அடைத்துக்கொண்டு நின்றன. பிரஷர் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி எல்லாவற்றையும் ஜனங்கள் செல்போனிலேயே வாங்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த விலைக்கு அவளால் விற்க முடியாது.

“வந்த வெலைக்குத் தள்ளிட்டு கடைய மூடிடலாம்” என்றான் கணவன் பாலகுமார். அவளும் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

அப்போதுதான் முன்பு அவளிடம் பிரஷர் கருவி வாங்கியிருந்த ஜுலைகா பீவி பரங்கிப்பேட்டையிலிருந்து போன் செய்தார். துபாயில் இருக்கும் மகன் தகப்பனுக்காக ஆன்லைனில் வாங்கி அனுப்பிய மெஷின் விடாமல் கத்துகிறதாம். கம்பெனி நம்பரில் இந்திதான் பேசுகிறார்களாம்.

இசைவாணி தன் மெஷின் ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். முதலில் அதைப் பெரியவருக்கு மாட்டினாள். அவர் மூச்சு சீரானதும் பழையதைத் திறந்து பார்த்தாள். ஃபில்டர் முழுக்கத் தூசி.

“மெஷினு வாங்க எத்தினியோ எடம் இருக்கு தங்கச்சி. கத்துனா ஓடியாரத்தான் ஆளில்ல” என்றார் ஜுலைகா பீவி.

அந்தப் பேச்சு இசைவாணி மனதில் தைத்தது. கடையை மூடும் யோசனையைக் கைவிட்டாள். மெஷின்களை வாடகைக்கு விட்டு, வீடு வீடாகப் போய்ப் பராமரித்தாள். லால்பேட்டை வரை அழைப்பு வந்தது.

பிறகு சென்னைக் கம்பெனி ஒன்றின் மேனேஜர் சித்தார்த் தேடி வந்தான். “இனிமே ஆஸ்பத்திரியே வீட்டுக்கு வரும் மேடம். மார்க்கெட் அப்படித்தான் போகுது. எங்க ஆப்ல சேந்துடுங்க. எல்லா போன் காலும் எங்களுக்கே வரட்டும்.”

“மெஷின உங்ககிட்டயே வாங்குறேன் சார். ஜனங்க கூப்புடுற நம்பரு மட்டும் என்னுதா இருக்கட்டும்.”

அவன் சம்மதிக்கவில்லை. சிதம்பரத்தில் அருண்பாண்டியன் என்பவனைச் சேர்த்துக்கொண்டு வாடகையைக் குறைத்தான். இசைவாணியின் வாடிக்கையாளர்கள் பலர் அங்கே போனார்கள். தப்புச் செய்துவிட்டோமோ என்று தவித்தாள்.

ஆனால் சின்ன ஊர்கள் கட்டுப்படியாகவில்லை என்று அந்தக் கம்பெனி திடீரென விலகிக்கொண்டது.

“அக்கா, வூட்டுக்கு வூடு மெஷினு ஓடுது. ஃபில்டரு அனுப்பக்கூட ஆளில்ல” என்று போனில் அருண்பாண்டியன் கெஞ்சினான். அதுவரை போட்டிக்காரனாக மட்டுமே அவனை அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை ஃபில்டர் பையோடு சிதம்பரம் பஸ் ஏறினாள். இருவருமாக எல்லா வீடுகளுக்கும் போனார்கள். இப்போது சிதம்பரம் கீழ வீதியில் ஒரு கடையைக் கூட்டாக நடத்துகிறார்கள். பாலகுமார்தான் அங்கே போன் எடுக்கிறான்.