ஸ்லைடுக்குப் பிறகு ஒரு ஜெபம்

எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் பெயர் எதுவும் கிடையாது. கல்லூரியில் இயற்பியல் நடத்தும் நான், பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் ஒரு டீச்சர், மிஷன் ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்த சதையை ஸ்லைடில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோய் சொல்லும் டாக்டரான ஒரு கன்னியாஸ்திரி சிஸ்டர். மூன்றே பேர். செங்கம் ரோட்டில் என் வாடகை வீட்டு மாடியில் உட்கார்ந்து, அறிவியலும் விசுவாசமும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முட்டிக்கொள்கின்றன என்று பேசுவோம். பேசுவது என்ன, சண்டைதான் போடுவோம். எதிர் வீட்டுக்காரர்கள் நாங்கள் ஏதோ சீட்டு நடத்துவதாகவே நினைத்திருந்தார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கூட்டத்தில் நான் பிடித்த பிடியை விடவில்லை.

"கட்டியை வெட்டி எடுத்தாச்சு. அதுல கேன்சர் இருக்கா இல்லையான்றது முடிஞ்சுபோன விஷயம். அதுக்கப்புறம் இல்லாம இருக்கணும் ஆண்டவரேன்னு ஜெபம் பண்ணா, நடந்ததை மாத்திடுங்கன்னு கேக்கற மாதிரிதானே? அது நேர்மையா?"

சிஸ்டர் மறுக்கவில்லை. "மைக்ரோஸ்கோப்புல கண்ணு வெக்கறதுக்கு முன்னாடி, இருக்கறதை இருக்கறபடி காட்டுங்கன்னு கேப்பேன் மேடம். வேற எதுவும் கேக்க மாட்டேன்" என்றார். எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. வகுப்பில்கூடச் சொன்னேன்.

சில மாதங்களில் என் மார்பிலேயே ஒரு கட்டி. ஆஸ்பத்திரியில் கீறி எடுத்த சதை சிஸ்டரின் மேசைக்குத்தான் போனது. அங்கே அதைப் பார்க்க அவரை விட்டால் வேறு ஆள் இல்லை.

என் வாதமெல்லாம் அன்றே காற்றில் போயிற்று. பால் காய்ச்சும்போதும் கரும்பலகையில் கணக்குப் போடும்போதும் இல்லாமல் இருக்கணும், இல்லாமல் இருக்கணும் என்று வெட்கமில்லாமல் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பத்தாவது படிக்கும் மகளுக்குச் சடை பின்னும்போது முடியை இறுக்கி இழுத்துவிட்டேன். "இழுக்காதம்மா, வலிக்குது" என்று கத்தினாள். அவளிடம் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

சிஸ்டருக்குப் போன் செய்தால் பிடி கொடுக்கவில்லை. "வேலூர்ல எனக்குத் தெரிஞ்ச டாக்டருக்கு ஸ்லைடை அனுப்பியிருக்கேன் மேடம். அவங்களும் பாக்கட்டும். நானே நேர்ல போய்க் கேட்டுட்டு வரேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். சந்தேகம் இல்லாவிட்டால் யாராவது வேலூருக்கு அனுப்புவார்களா?

அவர் திரும்ப வேண்டிய நாள் பௌர்ணமி. கிரிவலம் வரும் கூட்டத்துக்காக பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். மதியமே வந்துவிடுவார் என்று மாடியில் காத்து நின்றேன். கீழே ரோடு முழுக்கத் தலைகள். கூட்டத்தில் வெள்ளைச் சேலை தெரியும்போதெல்லாம் சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்தேன். கெட்ட சேதி என்பதால்தான் வரத் தயங்குகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். யாராரோ வந்தார்கள், போனார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் சிஸ்டர் படியேறி வந்தார். அவ்வளவு தூரமும் நடந்தே வந்ததில் காலெல்லாம் புழுதி.

"ஒண்ணுமில்ல மேடம். சாதாரணக் கட்டிதான்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் கேட்கத் தோன்றியது. "நீங்க பாத்தப்போ என்ன தெரிஞ்சுது?"

"இதேதான்."

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. "அப்போ அன்னிக்கே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே சிஸ்டர்! இங்க நான் செத்துச் செத்துப் பொழச்சிட்டிருக்கேன்."

சிஸ்டர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உங்க ஸ்லைடுன்னு தெரிஞ்சப்புறம் இருக்கறதைக் காட்டுங்கன்னு கேக்க எனக்கு வாய் வரலை. இல்லாம இருக்கணும்னுதான் கேட்டேன். அப்படிக் கேட்டுட்டுப் பாத்தா இல்லைன்னுதான் தெரியுது. அந்தக் கண்ணை நான் எப்படி நம்பறது, சொல்லுங்க?"

சொல்லிவிட்டு என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். இத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த நான்தான் உடைந்து அழப்போகிறேன் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் அவர் அழுதார்.