இருபத்தெட்டு நிமிடக் காபி

கண்ணாடிக் கடையில் அவளுக்கு மில்லிமீட்டர் என்று பெயர். ஃபிரேமுக்குள் லென்ஸைப் பொருத்துவது அவள் வேலை. மயிரிழை தள்ளிப்போனாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வரும் என்பாள். எதையும் இரண்டு தடவை அளக்காமல் கையை விட்டு அனுப்பமாட்டாள். "அவகிட்ட குடுத்தா சீக்கிரம் வராது, ஆனா திரும்பியும் வராது" என்று முதலாளி வாடிக்கையாளர்களிடம் சொல்வார். பாதி பெருமை, பாதி புலம்பல்.

அவளுடைய அப்பா எண்ணெய் டேங்கர் ஓட்டினார். சின்ன வயதில் அவள் பார்த்ததெல்லாம் தூங்குகிற அப்பாவைத்தான். வந்தால் ஒரு பகல் முழுக்க அடித்துப்போட்டாற்போல் தூங்குவார், எழுந்தால் கிளம்பிவிடுவார். "சத்தம் போடாதே, அப்பா தூங்கறாரு" என்பதுதான் அவரைப் பற்றி அவள் அதிகம் கேட்ட வாக்கியம். பள்ளிக்கூடத்தில் அப்பாவை வரையச் சொன்னபோது போர்வையை வரைந்து கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

வேலை கிடைத்து வேறு ஊருக்கு வந்தபோது, புறவழிச்சாலைக்கு அருகே முதல் மாடியில் ஒரு வீடு பிடித்தாள். தனி ஆள்; கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். லாரிச் சத்தமும் புழுதியுமாக இருந்த அந்த வீட்டை ஏன் பிடித்தாய் என்று கேட்டவர்களிடம், காற்று நன்றாக வருகிறது என்றாள். அப்பாவின் வண்டி அந்தச் சாலையில்தான் போகும் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி வாக்கில் அவர் வருவார். டேங்கர் ஒரே இடத்தில் நாற்பது நிமிடத்துக்கு மேல் நின்றால் கம்பெனியிலிருந்து ஃபோன் வரும். பெட்ரோல் பங்குக்குப் பின்னால் வண்டியை விட்டுவிட்டு நடந்து வர ஆறு நிமிடம், திரும்பிப் போக ஆறு. மிச்சம் இருபத்தெட்டு.

அந்த இருபத்தெட்டு நிமிடத்துக்காக அவள் காபி போடக் கற்றுக்கொண்டாள். வறுத்த கொட்டையாக வாங்கி வந்து வைத்திருப்பாள். சுங்கச்சாவடியைத் தாண்டும்போது அப்பா ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். உடனே கொட்டையைக் கையால் சுற்றும் மெஷினில் போட்டு, டிகாஷன் திக்காக இறங்கவேண்டும் என்று மாவுபோல் அரைப்பாள். வடிகட்டும் தாளில் பொடியைப் போட்டு, தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றுவாள். அவர் செருப்பைக் கழற்றும்போது கோப்பை மேஜையில் இருக்கும். மூன்றே மடக்கில் குடித்துவிட்டு, "உடம்பு எப்படி இருக்கு? வேலை எப்படிப் போகுது?" என்று கேட்பார். பதில் முடிவதற்குள் தலை நாற்காலியில் சாய்ந்துவிடும். அவள் எதிரே உட்கார்ந்து, எழுப்பவேண்டிய நேரத்துக்காகக் கடிகாரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள். பதினோரு வருஷம் இப்படிப் போனது. அதில் பெரும்பாதி அவர் தூங்கினார். அவளுக்கு அது போதாமலும் இருந்தது, அதுவே எல்லாமாகவும் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை அவர் ஜன்னலைப் பார்த்தபடி கையை நீட்டினார். கை கோப்பையில் இடித்து, காபி கவிழ்ந்தது. அடுத்த முறை வலது தோள் கதவு நிலையில் மோதியது. அதற்கடுத்த முறை, வண்டியின் பக்கக் கண்ணாடியை மூன்றாவது தடவையாக மாற்றியதைச் சொல்லிச் சிரித்தார்.

"ரோட்டையெல்லாம் குறுகலாக்கிட்டானுங்கம்மா."

அவர் காபியைக் குடிக்கும்போது அவள் அவர் காதுக்குப் பக்கத்திலிருந்து விரலை மெல்ல முன்னே கொண்டுவந்து பார்த்தாள். மூக்குக்கு நேராக வரும்வரை அவர் திரும்பவே இல்லை. நேரே இருப்பது பளிச்சென்று தெரியும். ஓரம் மட்டும் சத்தமில்லாமல் சுருங்கிக்கொண்டே வரும். கண்ணில் அழுத்தம் ஏறினால் வரும் நோய். கடைக்குப் பரிசோதனைக்கு வந்து, இதைக் கேட்டுவிட்டு அழுதுகொண்டு போனவர்களை அவள் பார்த்திருக்கிறாள்.

"அப்பா, ஒரு தடவை டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டிடுங்களேன்."

"கண்ணாடிக் கடைல இருக்கறவளுக்கு ஊர்ல எல்லாருக்கும் கண்ணு கெட்டுப்போன மாதிரிதான் தெரியும்."

இரண்டு முறை சத்தியம் செய்தார். இரண்டு முறையும் போகவில்லை. அப்புறம் ஒரு வியாழக்கிழமை வந்தபோது முகம் வெளிறிக் கிடந்தது. ஸ்கூட்டரில் ஒரு பெண், பின்னால் ஒரு குழந்தை. டேங்கரில் அடிபடாமல் நூலிழையில் தப்பித்தார்கள். "எங்கேருந்து வந்தாங்கன்னே தெரியல" என்றார். அன்றைக்கு மட்டும் அவர் தூங்கவில்லை.

அவர் படியிறங்கிப் போனதும் அவள் கம்பெனிக்கு ஃபோன் போட்டாள். மேனேஜரிடம் நடந்ததைச் சொல்லி, அப்பாவுக்குக் கண் பரிசோதனை செய்யச் சொன்னாள். அடுத்த வாரமே செய்தார்கள். அன்றோடு அவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

அப்பாவே கூப்பிட்டார். "நீதானா?"

"ஆமாம்பா."

ஃபோன் வைக்கப்பட்டது.

அதற்கப்புறம் பதினான்கு மாதம் அவர் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாதான் சேதி சொல்வாள்: சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறார், இருக்கிற பார்வை இருக்கும், போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார், நாள் பூராவும் ஜன்னலோரம்தான். "அவர்கிட்ட குடும்மா" என்பாள் இவள். "குளிக்கறாருடி" என்பாள் அம்மா. காலையில் கேட்டாலும் சாயங்காலம் கேட்டாலும் அவர் குளித்துக்கொண்டே இருந்தார்.

வியாழக்கிழமைகளில் ஒன்பது மணிக்கு அவளுக்கு இருப்புக்கொள்ளாது. தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு, எதற்கு வைத்தோம் என்று நின்றுகொண்டிருப்பாள். சாலையில் டேங்கர் ஹாரன் கேட்டால் கை தானாக ஃபோனைத் தேடும். செய்தது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? ஸ்கூட்டரில் போன அந்தக் குழந்தை எங்கோ நன்றாக இருக்கிறது. அவள் வீட்டு நாற்காலி காலியாக இருக்கிறது.

ஒருநாள் அம்மா கூப்பிட்டாள். சின்னம்மாவுக்கு ஆபரேஷன், துணைக்குப் போகவேண்டும். "உங்கப்பாவை ஒரு வாரம் வெச்சுக்கோ."

"வர்றேன்னு சொன்னாரா?"

"வரமாட்டேன்னு சொல்லல."

பஸ்ஸிலிருந்து ஒரு பையோடு இறங்கினார். மெலிந்திருந்தார். அவர் கண்ணுக்குத் தெரியும்படி ஓரடி முன்னால் நடந்து வீட்டுக்குக் கூட்டி வந்தாள். அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் எப்போதும்போல் காபி போட்டு வைத்தாள். மூன்று மடக்கில் குடித்தார். கொஞ்ச நேரம் கண்ணை மூடினார். பிறகு சட்டென்று எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பில் காலை விட்டார்.

"எங்கப்பா போறீங்க?"

அவர் செருப்போடு நின்றார். போவதற்கு ஓரிடமும் இல்லை என்பது அவருக்கும் அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. கழற்றிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

மறுநாள் காலை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். "கசக்குதே."

"எப்பவும் இப்படித்தானேப்பா போடுவேன்?"

"எப்பவும் நான் எங்கம்மா குடிச்சேன்? முழிச்சிருக்கணும்னு உள்ள ஊத்திக்கிட்டேன்."

பதினோரு வருஷம்! அவளுக்குச் சுருக்கென்றது. அடுத்த நொடி சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் முட்டியது. அப்பா பயந்துபோய், "குடிக்கலாம், அவ்வளவு மோசமில்ல" என்று இன்னொரு வாய் குடித்தார்.

அன்று கொட்டை விற்கிறவரிடம் போய்க் கேட்டாள். "மாவா அரைச்சா, மேல கொதிதண்ணிய ஊத்தினா, கசக்காம என்ன செய்யும்?" என்றார் அவர். மறுநாள் ரவை பதத்துக்கு அரைத்தாள். கொதித்த தண்ணீரை அரை நிமிடம் ஆறவிட்டாள். முதலில் பொடி நனைகிற அளவுக்கு மட்டும் ஊற்றி, அது உப்பி அடங்கும்வரை காத்திருந்தாள். அப்பா சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இப்ப தண்ணியா இருக்கு" என்றார். அதற்கடுத்த நாள் ஒரு கரண்டிப் பொடி கூடியது. அவர் குடித்துவிட்டுக் காலிக் கோப்பையை நீட்டினார்.

"இன்னும் அரைக் கோப்பை இருக்குமா?"

அந்த அரைக் கோப்பையை வைத்துக்கொண்டுதான் பேசினார்.

"நான் உன்மேல கோவப்பட்டேன்னு நெனச்சியா?"

"இல்லையா?"

"எனக்குத் தெரியும்மா, ஓரமெல்லாம் தெரியலன்னு. வண்டிய விட்டு எறக்கறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே தெரியும். ரெண்டு வருஷம் ஓட்டிட்டா மரியாதையா ரிடையர் ஆகிடலாம்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டினேன். அந்தக் கொழந்த..." கோப்பையையே பார்த்தார். "தெரிஞ்சே ஓட்டினவன்னு நீ கண்டுபிடிச்சிட்ட. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உன்கிட்ட பேசறது?"

பதினான்கு மாதம் அவர் வெட்கப்பட்டுக்கொண்டும், அவள் குற்றம் செய்தவள்போல் குமைந்துகொண்டும் இருந்திருக்கிறார்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்திருந்த உள்ளங்கை இப்போது மெத்தென்று வேறு யாருடையதோ போலிருந்தது. காபி ஆறிப்போனது. அதை அப்படியே குடித்தார்.

மிச்ச நாட்களில் இருவரும் ஒன்றும் பெரிதாகப் பேசவில்லை. அவள் கடைக்குப் போய்த் திரும்பும்போது வீட்டில் ஆள் இருந்தது. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. ஏழாம் நாள் பையை எடுத்துவைத்தார்.

"இன்னும் ரெண்டு நாள் இருங்களேன்பா."

"உங்கம்மா வீட்டுக்குத் தனியா வருவா இல்ல?"

அவள் பையை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கூட்டிப்போனாள். பஸ் கிளம்பியதும் நேராகக் கடைக்குப் போனாள். அன்று ஒரு லென்ஸை இரண்டு தடவை தப்பாக அளந்தாள். முதலாளி பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

நான்கைந்து நாள் கழித்து அம்மா கூப்பிட்டாள். "என்னடி சொல்லிக் குடுத்து அனுப்பின? முப்பத்தெட்டு வருஷமா குடிச்ச காபி இப்ப வாயில வெக்க முடியலயாம். அவரே அடுப்படியில நிக்கறாரு. இந்தா, பேசணுமாம்."

அப்பா ஃபோனை வாங்கினார். எவ்வளவு நேரம் தண்ணீரை ஆறவிடவேண்டும் என்று கேட்டார். சொன்னாள்.

"நீ என்னம்மா பண்ணிட்டிருக்க?"

"சும்மாதான்பா உக்காந்திருக்கேன்."

"நானும் சும்மாதான்" என்றார். ஆனால் வைக்கவில்லை. அந்தப் பக்கம் பாத்திரம் உருளுகிற சத்தமும் அம்மா ஏதோ சொல்லுகிற சத்தமும் கேட்டன. அவள் காதோடு அழுத்திப் பிடித்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.