கையில் இரும்பு கொடுக்காதீங்க

தென்காசியில் கல்யாண வீடியோ எடுப்பவர்களிடம் ஜுஹைனாவின் பெயரைச் சொன்னால், முன்பெல்லாம் "தங்கசாமி அண்ணாச்சி ஸ்டூடியோவுல எடிட்டிங் பண்ணுத பிள்ளையா?" என்பார்கள். இப்போது, "நம்ம ஊர்ல படம் எடுத்துச்சே, அந்தப் பிள்ளைதான?" என்கிறார்கள். சொல்லும்போதே குரலில் ஒரு நிமிர்வு வந்துவிடுகிறது.

ஏழாம் வகுப்பில்தான் அவளுக்கு முதல் வலிப்பு வந்தது. பள்ளி மைதானத்தில் கண் விழித்தபோது கையில் யாருடைய சாவிக்கொத்தோ இருந்தது. வாயெல்லாம் ரத்தம். பல்லுக்கு நடுவில் கரண்டியைத் திணித்ததில் முன்பல் பாதி உடைந்துபோயிருந்தது. திணித்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அவர்கள் சினிமாவில் பார்த்ததைச் செய்தார்கள். திரையில் ஒருவர் துடித்து விழுந்தால் இன்னொருவர் "சாவி, சாவி" என்று கத்துவார். இரும்பு கையில் பட்டதும் துடிப்பு அடங்கிவிடும். வலிப்பு பெரும்பாலும் தானாகவே அடங்கும் என்பதை ஜுஹைனா பார்த்த எந்தப் படத்திலும் யாரும் சொன்னதில்லை.

உம்மா ஹைருன் பீவி தர்காவுக்குக் கூட்டிப் போய்க் கயிறு கட்டினாள். "குற்றாலத் தண்ணி தலையில விழுந்தா எல்லாம் தெளிஞ்சிரும்" என்று யாரோ சொல்ல, ஐந்தருவிக்கும் கூட்டிப்போனாள். அருவிக்கு அடியிலேயே வலிப்பு வந்தது. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்கள் இழுத்துப் போட்டதால் பிள்ளை பிழைத்தாள். அதற்குப் பிறகுதான் திருநெல்வேலியில் நரம்பு டாக்டரிடம் போனார்கள். மாத்திரை ஆரம்பித்தது. வலிப்பு குறைந்து, கல்லூரி முடிக்கும்போது வராமலே போயிற்று.

ஆனால் மாத்திரை சாப்பிடுவது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியக்கூடாது. அது உம்மாவின் கட்டளை. சவூதியில் வேலை பார்த்த வாப்பாவும் அதையேதான் சொன்னார். தங்கசாமியிடம் வேலைக்குச் சேர்ந்தபோதும் ஜுஹைனா வாயைத் திறக்கவில்லை.

வீரகேரளம்புதூரில் ஒரு கல்யாணத்தில் கேமராவும் அவள் கையில்தான் இருந்தது. தாலி கட்டி முடிந்து எல்லோரும் வரிசையாக போட்டோவுக்கு நிற்கும்போது, மாப்பிள்ளையின் அத்தை மகன் முத்துகுமரன் மேடையிலேயே விழுந்து துடித்தான். "ஏலே, பைக் சாவியைக் குடுலே!" என்று ஒருவர் ஓடினார். பந்தியிலிருந்து ஒருவர் கரண்டியோடு வந்தார். ஜுஹைனா கேமராவை அப்படியே கீழே வைத்துவிட்டுப் பாய்ந்தாள்.

"வாயில ஒண்ணும் வைக்காதீங்க! தள்ளுங்க, காத்து வரட்டும்."

அவனை ஒருக்களித்துத் திருப்பினாள். ஒரு துண்டை மடித்துத் தலைக்கு அடியில் வைத்தாள். சட்டையின் மேல் பொத்தானைத் தளர்த்திவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். துடிப்பு தானாக நின்றது.

மாப்பிள்ளையின் அம்மா, "நீ நர்ஸாம்மா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. எனக்கும் இந்த நோய் இருக்கு."

வீட்டுக்கு வெளியே அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை; மண்டபமே கேட்டது. அவள் வீடு திரும்புவதற்குள் செய்தி வீட்டுக்குப் போய்விட்டது.

"ஏட்டி, நம்ம மானத்தை வாங்கிட்டியே! இனி எவன் வந்து பொண்ணு கேப்பான்?"

"கேக்கதுக்கு முன்னாலயே தெரிஞ்சுக்கிடட்டும் உம்மா."

ஹைருன் பீவி அழுதாள்.  மறுநாள் ஸ்டூடியோவில் ஜுஹைனா, "அண்ணாச்சி, ஒரு சின்னப் படம் எடுக்கணும்" என்றாள்.

"யாரு நடிக்கதுக்கு?"

"நாந்தான். வலிப்புன்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்லா."

தங்கசாமி கேமராவைத் தூக்கினார். திருநெல்வேலி டாக்டர் கதையை வாசித்துத் திருத்திக் கொடுத்தார். ஒரே ஒரு இடத்தில்தான் தங்கசாமிக்கும் அவளுக்கும் சண்டை. வலிப்பு வரும் காட்சிக்கு அவர் பயங்கரமான இசை கேட்டார். அவள் மறுத்துவிட்டாள். இசையும் வேண்டாம், காட்சியை நடுவில் வெட்டவும் வேண்டாம், வலிப்பு எவ்வளவு நேரம் நீடிக்குமோ அவ்வளவு நேரமும் திரையில் ஓடட்டும் என்றாள். "பாக்கவங்க பொறுமையா இருக்கக் கத்துக்கிடணும் அண்ணாச்சி."

அடுத்து, பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்தைப் போய்ப் பார்த்தாள்.

"ஓதிப் பாக்க வேண்டாம்னு நான் சொல்ல வரல ஹஜ்ரத். மாத்திரையை நிறுத்தாதீங்கன்னு படத்துல நீங்க ஒரு வார்த்தை சொன்னாத்தான் உம்மாமாரு கேப்பாங்க."

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "நோய் வந்தா மருந்து தேடுன்னுதான் மார்க்கமும் சொல்லுது. கேமராவை எங்கன வைக்கப் போற?" என்றார். படம் பிடிக்கும்போது அவருக்கு வார்த்தை தடுமாறித் தடுமாறி, சிரித்துச் சிரித்து, பல தடவை எடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் சொன்னது என்னவோ அழகாக வந்தது.

படத்தை முதலில் திரையிட்டது இலத்தூரில், தங்கசாமி குடும்பத்தாரின் கோயில் கொடைத் திருவிழாவில். சாயங்காலம் கச்சேரி ஆரம்பிப்பதற்கு முன்னால், பெரிய எல்.இ.டி. திரையில். ஜுஹைனா விழுகிற காட்சி வந்ததும் கூட்டத்தில் நாலைந்து பேர் பழக்கதோஷத்தில் "சாவியைக் குடுங்கலே!" என்று கத்திவிட்டார்கள். திரையில் யாரும் கொடுக்கவில்லை. காட்சி ஓடிக்கொண்டே இருந்தது. சத்தம் மெல்ல அடங்கியது. திரையில் துடிப்பும் அடங்கியது. அந்தப் பெண் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். கூட்டத்திலிருந்து பெருமூச்சு எழுந்தது. பிறகு ஹஜ்ரத் வந்து பேசியபோது, கோயில் வாசலில் கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது.

வரமாட்டேன் என்று அடம்பிடித்த ஹைருன் பீவி, கடைசியில் வந்து பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த இலத்தூர் பார்வதியம்மாள் அவள் தோளைத் தொட்டு, "யாரு பெத்த பிள்ளையோ, நெசம் மாதிரியே நடிக்கா" என்றார்.

ஹைருன் பீவி முக்காட்டைச் சரி செய்துகொண்டாள்.

"நான் பெத்த பிள்ளைதான். அவளுக்கு நெசமாவே அந்தச் சீக்கு உண்டு. மாத்திரை சாப்பிட்டு நல்லா இருக்கா. படத்தை எடுத்ததும் அவதான்."

ஜுஹைனா இதைப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அவார்டு குடுத்திருந்தாக்கூட அப்படி இருந்திருக்காது" என்கிறாள்.

படம் அதன்பிறகு போனுக்குப் போன் போயிற்று. வாப்பா சவூதியில் தன் அறைத் தோழர்களுக்கு, மகள் எடுத்தது என்று சொல்லிப் போட்டுக் காட்டினார். ராயகிரியிலிருந்து ஒரு டீச்சர் பேசினார். வலிப்பு வருகிறதென்று வீட்டார் ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்களாம், வந்து பேச முடியுமா என்று கேட்டார்.

ஜுஹைனா கிளம்பும்போது உம்மா ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். "நீ டாக்டர் மாதிரிப் பேசுவ. பெத்தவகிட்ட நான்லா பேசணும்" என்றாள். அந்த வீட்டில் உட்கார்ந்து, அருவியில் நடந்ததை அவளே ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்தத் தாய் கேட்டு முடித்து, டாக்டரின் விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பள்ளி திறந்தபோது அந்தப் பிள்ளை வகுப்பில் இருந்தாள் என்று டீச்சர் போட்டோ அனுப்பியிருந்தார். தங்கசாமி அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பங்களுக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறார்.