அத்தானுக்கு நான் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ்

பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு வெள்ளைக்கார வங்கியில் கிராணி வேலைக்கு, அதாவது குமாஸ்தா வேலைக்கு, ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், அப்பாவின் தங்கை ஆயர் ஈத்தாமிலிருந்து டிராம் பிடித்து வந்துவிட்டாள். அவள் மகனுக்குக் கணக்கு நன்றாக வரும். கையெழுத்தும் அழகு. வாயைத் திறந்தால்தான் இங்கிலீஷ் வராது. நானோ கன்னியாஸ்திரிகளிடம் ஏழாவது வரை படித்தவள்.

"நீதாம்மா சொல்லிக்கொடுக்கணும். நாளைக்கு உன் புருஷன்தானே லா," என்றாள் அத்தை. எங்கள் கல்யாணம் இரண்டு வீட்டிலும் எப்போதோ பேசி முடித்த விஷயம்.

மழைக்காலம் முழுக்க அத்தான் சாயங்காலம்தோறும் வந்தார். அப்பா பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நான் துரையாக நாற்காலியில் உட்காருவேன். அவர் எதிரே நிற்பார்.

கஷ்டமெல்லாம் மறுத்துப் பேசுவதில்தான். கணக்கில் பணமில்லாத தோட்டத் துரை செக்கோடு வந்து நின்றால், "நோ மணி" என்று சொல்ல முடியுமா? "ஐ ரிக்ரெட், சார்" என்று ஆரம்பித்து, குரலைத் தாழ்த்தி, முகம் கோணாமல் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்பச் சொல்லவைத்தேன்.

வேலை கிடைத்தது. இவ்வளவு சுத்தமாகப் பேச எங்கே கற்றாய் என்று வங்கித் துரை கேட்டாராம்.

"நானாப் படிச்சேன்னு சொல்லிட்டேன்," என்று சிரித்தார் அத்தான். எனக்குச் சுருக்கென்றது. வெட்கப்பட்டுச் சொல்லியிருப்பார் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அந்தத் தீபாவளிக்கு அவர்கள் வரவில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலில் பார்த்தபோது அம்மா கல்யாணப் பேச்சை எடுத்தாள்.

"தைப்பிங்ல ஒரு இடம் பாத்துட்டோம் அண்ணி," என்றாள் அத்தை. "இங்கிலீஷ் படிச்ச பொண்ணு புருஷனுக்கு அடங்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க."

நான் அத்தானைப் பார்த்தேன்.

"நீங்களும் அதத்தான் சொல்றீங்களா?"

சுற்றிலும் உறவுக்காரர்கள். அவர்களுக்குப் புரியக்கூடாது என்றோ என்னவோ, இங்கிலீஷில் பதில் சொன்னார். "ஐ ரிக்ரெட்" என்று ஆரம்பித்து, குரலைத் தாழ்த்தி, முகம் கோணாமல். ஒரு பிழை இல்லை. அழுகை வரவில்லை எனக்கு. காதிரண்டும் எரிந்தன.

தைப்பிங் பெண்ணோடு கல்யாணமாகிச் சில வருஷங்கள் கழித்து அத்தானே எங்கள் வீடு தேடி வந்தார். அப்போது நான் ஒரு பள்ளியில் கீழ்வகுப்புகளுக்கு டீச்சர். வங்கியில் பெரிய கிராணி இடம் காலியாம். இங்கிலீஷில் கடிதம் எழுதிப் பழக வேண்டுமாம்.

"கொஞ்ச நாளைக்குத்தான். நமக்குள்ள என்ன இருக்கு?"

அம்மா அவருக்குக் காப்பி போட உள்ளே போய்விட்டாள். அது எனக்கு இன்னும் வலித்தது.

"முடியாது," என்றேன். காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. காப்பி வருவதற்குள் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் சொல்லிக்கொடுக்காமல் அவரால் ஒரு வரி எழுத முடியாது என்று உறுதியாக நம்பினேன். அந்த நம்பிக்கையில் சில மாதம் நிம்மதியாகக்கூட இருந்தேன்.

அந்த இடமும் அவருக்கே கிடைத்தது. அத்தை லட்டு கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா வாங்கி வைத்தாள்.