சங்கு ஊதியதும் தாத்தா மூடிய கேட்டுகள்

பிள்ளைகளே, உங்கள் தாத்தாவுக்கு இன்று தலைத் திவசம். வந்திருக்கும் எல்லோர் கையிலும் இந்த நினைவு மலர் இருக்கும். ஆனாலும் இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். தாத்தா ஏன் அப்படிச் செய்கிறார் என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் எனக்கும் பதில் தெரிந்ததில்லை.

தாத்தா பிறந்தது கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமம். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, கிடைத்த வேலையெல்லாம் செய்து, கடைசியில் ரயில்வே கேட் கீப்பர் ஆனார். அந்தச் சம்பளத்தில்தான் என்னையும் உங்கள் பெரியப்பாவையும் படிக்க வைத்தார். ஒரு நாளும் டூட்டிக்குப் பிந்தியவர் அல்லர்.

ஆச்சி காலமான பிறகு நெய்வேலிக்கு, நம் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். இரண்டொரு வருஷத்தில் மறதி தொடங்கியது. என் பெயர் போயிற்று. வண்டி நேரம் மட்டும் போகவில்லை. அது எப்படி என்று இன்றும் எனக்கு வியப்புத்தான்.

சுரங்கத்தில் ஷிப்ட் மாறும் சங்கு ஊதினால் போதும், தெருவில் இறங்கி வீடு வீடாக கேட்டை மூடுவார். பிறகு தெருமுனையில் போய் நிற்பார். வெயிலானாலும் நகரமாட்டார், சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டார். ஒரு கையில் குடையும் ஒரு கையில் தட்டுமாக உங்கள் அம்மா பக்கத்தில் நிற்பாள். நான் வேலைக்குப் போய்விடுவேன்.

ஒரு நாள் அவள் அடுப்படியில் மயங்கி விழுந்தாள். இப்படியே போனால் பெரியவருக்கு முன்னால் மருமகள் படுத்துவிடுவார் என்றார் டாக்டர். பெரியப்பா வந்து, பகலில் அறையில் வைத்துப் பூட்டிவிடலாம் என்றார். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. அம்மாதான் மறுத்தாள்.

"சங்கு கேக்கும்போது உள்ள கிடந்து தவிப்பாங்க. மாமா கண்ணுக்கு ரயில் வருது. நமக்குத்தான் தெரியல."

எதிர்வீட்டு மாமா கம்மாபுரத்துப் பக்கத்துக்காரர், சுரங்கத்தில் கன்வேயர் ஆபரேட்டர். அவர் வேலையில் ரிலீவர், அதாவது மாற்றிவிடும் அடுத்த ஆள், வராமல் இடத்தை விட்டு நகரக்கூடாது. மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்தவர், தெருமுனையில் இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தாத்தாவிடம் போனார்.

"ஐயா, ரிலீவர் வந்துட்டேங்க. நீங்க வூட்டுக்குப் போயி சாப்பிடுங்க."

தாத்தா அவரை மேலும் கீழும் பார்த்தார். "வண்டி இன்னும் போகலை, பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டு நேரே வீட்டுக்கு நடந்தார்.

மாமா அம்மாவிடம் திரும்பி, "பெரியவருக்கு ஆள் வந்தாச்சு. நீங்களும்தான் நின்னுகினே இருக்கீங்க, உங்களுக்கு யாருங்க ரிலீவரு?" என்று கேட்டார். அம்மா அழுதாள்.

அதன்பின் ஷிப்ட் இல்லாத ஆண்களும் வீட்டிலிருக்கும் பெண்களுமாக ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். பிந்தி வந்த ஃபோர்மேனை, மேலே எழுதிப் போட்டுவிடுவேன் என்று தாத்தா மிரட்டியதும், தெருவே பயப்படும் அந்த மனிதர் கைகட்டி நின்றதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நேரத்தில் அம்மா உள்ளே தூங்கினாள். மெல்லத் தேறினாள்.

கடைசி மாதங்களில் தாத்தா சங்கையும் கவனிக்கவில்லை. ஒரு காலையில் அம்மா ஊட்டிய கஞ்சியைக் குடித்துவிட்டுக் கண்மூடினார். எந்த ஊர் ரயில் கேட்டை நினைத்து மூடினார் என்று அவரிடம் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்திருக்கிறேன், சொன்னதில்லை.

துணை நின்ற தெருவாருக்கும் டாக்டருக்கும் உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நன்றியை அச்சடித்தால் மட்டும் போதுமா என்று உங்கள் அம்மா கேட்கிறாள். பின் தெருவில் ஒரு பெண் நினைவு தப்பிய மாமியாரைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அம்மா வீட்டில் இல்லையென்றால் தேடாதீர்கள். அந்தப் பெண் தூங்கி எழுந்ததும் அம்மா வந்துவிடுவாள்.