ஒரு நாள் சித்தி

தனப்பிரியாவுக்குப் பொய் சொல்ல வராது. ராசிபுரத்தில் அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையில், ஏதாவது மாத்திரையை ஸ்டாக் இல்லை என்று சொல்லச் சொல்லி முதலாளி கண்ணைக் காட்டினால், "இருக்குதுங்க, ஆனா குடுக்க வேண்டாம்ங்கறாருங்க" என்று சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வாள். அப்படிப்பட்டவள்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வெண்ணந்தூரிலிருந்து கிளம்பிய பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, தன் வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகளுக்கும் தன்னைச் சித்தி என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்தாள்.

புருஷன் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ஒடிசா பக்கம் போய், வண்டி கவிழ்ந்து, ஆம்புலன்ஸில் பிணமாக வீடு வந்து சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. யுவஸ்ரீக்கு ஏழு வயது, சபரிநாதனுக்கு நாலு. மூன்று பேரும் அண்ணன் தனபால் வீட்டில்தான் இருந்தார்கள். அண்ணன் நல்லவன். நல்லவர்களுக்கும் சலிப்பு வரும். மோகனூரிலிருந்து ஒரு வரனைக் கொண்டுவந்தான். பெயர் பாலசுந்தரம், நாலு ஏக்கர் கரும்பு, வயது நாற்பத்திரண்டு. இந்தப் பக்கம் இப்போதெல்லாம் அப்படித்தான், தோட்டம் இருக்கும், கிணற்றில் தண்ணீர்கூட இருக்கும், கட்டிக்கொள்ளப் பெண் இருக்காது.

பிள்ளைகள் இருப்பது பாலசுந்தரத்துக்குத் தெரியும். அவனுடைய அக்கா அமுதவல்லிக்குத் தெரியாது. தெரிந்தால் பேச்சே நடக்காது. "அக்காவ மீறி எங்கூட்டுல ஒண்ணும் நடக்காதுங்க. கண்ணாலம் முடியட்டும், ஆறு மாசத்துல நானே எடுத்துச் சொல்லிப் புள்ளைங்களக் கூட்டியாந்தர்றேன்" என்று போனில் சொல்லியிருந்தான். அந்த ஆறு மாசத்தை நம்பித்தான் அவள் சம்மதித்தாள்.

வீட்டில் வைத்துப் பெண் பார்த்தால் அக்கம்பக்கத்தார் ஏதாவது உளறிவைப்பார்கள் என்று நாமக்கல் பொருட்காட்சிக்கு மாற்றினார்கள். கண்ணாடிச் சுரங்கம் கட்டி, தலைக்கு மேலே மீன் நீந்துவதைக் காட்டுகிறார்களாம். "பசங்களையும் கூட்டியாங்க, உங்க அக்கா புள்ளைங்கன்னு சொல்லிக்கலாம்" என்று சொன்னதும் பாலசுந்தரமே. பிள்ளைகளைப் பார்க்க அவனுக்கு ஆசை என்று நினைத்து மனம் குளிர்ந்துபோனாள், பைத்தியக்காரி.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டுந்தான். செரியா சாமி?"

"செரிம்மா" என்றான் சபரி. யுவஸ்ரீ அவன் தொடையில் கிள்ளினாள். "சித்தின்னு சொல்லுடா."

நாமக்கல் வருவதற்குள் பையன் தேறிவிட்டான்.

தனபால் பைக்கில் முன்னாலேயே வந்து டிக்கெட் எடுத்து வைத்திருந்தான். பாலசுந்தரமும் அவன் அக்காவும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். அமுதவல்லி கெட்டவள் இல்லை. சிரித்த முகம், தாராளமான பேச்சு. "இதுக ஆரு?" என்று அவள் கேட்டபோது தனப்பிரியாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. யுவஸ்ரீ முந்திக்கொண்டு, "இவங்க எங்க சித்திங்க" என்றாள்.

சுரங்கத்துக்குள் புழுக்கம், நீல வெளிச்சம், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சபரி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தான். அப்போது ஒரு பெரிய திருக்கை மீன் அவன் தலைக்கு நேர்மேலே வந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அதன் வெள்ளை வயிற்றில் வாயைப் பார்த்ததும் பையன் வீறிட்டான். கூட்டம் தள்ளியதில் கை விட்டுப்போயிற்று.

"சித்தி! சித்தி!"

தனப்பிரியாவுக்கு ஒரு நொடி கால் நகரவில்லை. அம்மா என்று ஒரே ஒரு தடவை உளறிவிடு ராசா, எல்லாம் கெட்டுப்போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள். பையன் உளறவில்லை. இரண்டு பேரை இடித்துக்கொண்டு ஓடி அவனை வாரி எடுத்தாள். அவன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதோரம் மெதுவாக "சித்தி" என்றான். அங்கே வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது.

"அடேயப்பா, சித்தி மேல என்ன ஒட்டுதல்!" என்றாள் அமுதவல்லி. உண்மையிலேயே அவளுக்கு மனம் நெகிழ்ந்திருந்தது. "ஆனா கண்ணு, எங்கூட்டுக்கு வந்ததுக்கப்பறம் இப்பிடி அடுத்தவிய புள்ளைங்களத் தூக்கிச் சொமந்துட்டுத் திரியப்படாது. இதையெல்லாம் இங்கியே உட்டுட்டு வந்தறோணும். என்னடா சுந்தரம், நாஞ் சொல்றது?"

தனப்பிரியா அவனைப் பார்த்தாள். அவன் எல்லாவற்றையும் போட்டு உடைக்க வேண்டாம். "லீவுக்கு வந்துட்டுப் போகட்டுமேக்கா" என்றால் போதும். அதைப் பிடித்துக்கொண்டு அவள் ஆறு மாசத்தை ஓட்டிவிடுவாள்.

பாலசுந்தரம் மீனைப் பார்த்தான். "ஆமாக்கா" என்றான்.

அந்த ஆறு மாசம் அங்கேயே முடிந்துபோயிற்று. அவள் இடுப்பில் இருந்த பிள்ளை இன்னும் விசும்பிக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் அமுதவல்லி பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்து அவள் தலையில் வைத்தாள். பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். மூன்று வருஷமாகப் பூ வைக்காத தலை. வேண்டாம் என்று சொல்லத் தனப்பிரியா வாயெடுத்தாள். எதிரே தனபால் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான். அப்பா செத்தபோதுகூட அவன் இப்படி அழுததில்லை. எடுத்த வாயை அவள் மூடிக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் சபரி மடியிலேயே தூங்கிவிட்டான். ஜன்னல் காற்றில் மல்லிகை வாசம் அடித்துக்கொண்டே இருந்தது. புதன்சந்தை தாண்டியதும் யுவஸ்ரீ அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தாள்.

"சபரி அழுதப்பக்கூட மாத்திச் சொல்லலீல்ல?"

"இல்ல கண்ணு. ரெண்டு பேருமே கரெக்டாச் சொன்னீங்க."

"நாளைக்கும் சித்தின்னுதான் கூப்புடோணுமா?"

"இல்ல சாமி. இன்னைக்கு மட்டுந்தான். இனிமே எப்பவும் அம்மாதான்."

இந்தத் தடவை நாக்கு ஒட்டவில்லை. பிள்ளையின் கண்ணைப் பார்த்தே சொன்னாள்.

அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது என்பது யுவஸ்ரீக்குத் தெரியும். அப்படியே நம்பி, அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.